கயிற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் அடுப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு மாட்டுப் பொங்கல் நாள். பட்டர்வொர்த்தில் வாழ்க்கைப்பட்டிருந்த நான் ஃபெர்ரி ஏறிப் பினாங்குக்கு வந்து, டிராம் பிடித்து, ஆயர் ஈத்தாம் சாலையில் இறங்கினேன். போனது பிறந்த வீட்டுக்கு. ஆனால் வாசலில் டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது!

தாத்தா தொடங்கிய பால் பண்ணை அது. அப்பா போனதும் அண்ணன் அதை ஒரு சீன முதலாளிக்கு, தௌக்கே என்பார்கள், விற்றுவிட்டார். தௌக்கே எதையும் இடிக்கவில்லை. வீடு, கிணறு, மாடுகள் எல்லாவற்றையும் இருந்தது இருந்தபடியே வைத்து, வேலைக்கு ஆள் போட்டு, கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களுக்குக் காட்டினார். அந்தக் கோபத்தில் நான் ஆறு வருடம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்தப் பொங்கலுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அம்மா பொங்கல் வைத்த இடத்தில் ஒரு நிமிஷமாவது நிற்க வேண்டும் போலிருந்தது.

முற்றத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் தொப்பி போட்ட துரைமார்களும் துரைசானிகளும், அவர்களுக்கு நடுவில் நான். அந்தப் பக்கம் எங்கள் அடுப்பில் ஓர் இளம்பெண் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். பானையை நேராக வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் அப்படி வைக்கமாட்டோம். மாட்டுக் கொட்டகைப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைப்போம். பால் முதலில் மாடுகளைப் பார்த்துத்தான் வழிய வேண்டும்.

பால் நுரைத்து மேலே வந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கயிற்றைத் தாண்டிப் போய், முந்தானையால் பிடித்துப் பானையைச் சாய்த்துவிட்டேன்.

காவல்காரர் ஓடிவந்தார். "அங்கெல்லாம் போகக்கூடாதுலா, வெளிய வாங்க!"

அதற்குள் பால் கொட்டகைப் பக்கம் பொங்கி வழிந்தது. அந்தப் பெண் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"இந்த வீட்டுப் பொண்ணாக்கா நீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன். காவல்காரரைக் கையமர்த்திவிட்டு, அரிசி முறத்தை என்னிடம் நீட்டினாள்.

"அப்ப நீங்க போடுங்கக்கா. நான் சம்பளத்துக்குப் போடுறவ."

அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் கயிற்றைத் தாண்டியிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. மூன்று கை அரிசி அள்ளிப் போட்டேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. கயிற்றுக்கு அப்பால் எல்லோரும் கைதட்டினார்கள். இதுவும் காட்சியில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள் போலும். ஒரு துரைசானி என்னைப் படம்கூடப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களோடு சேர்ந்து நானும் வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தப் படத்தின் நினைப்பு வந்துவிடுகிறது. எந்தச் சீமையிலோ யாரோ அதைப் பார்த்து, இவள் அந்த வீட்டுக்காரி என்று நினைத்திருப்பார்கள்; என்னை அந்த வீட்டுக்காரியாகப் பார்ப்பதற்கு எனக்கு மிஞ்சியிருப்பது முகம் தெரியாத அவர்கள் மட்டும்தான்.