பேறுகாலத்துக்கு ஒரு மின்நிலையம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கேட்ட தகவலை முப்பது நாட்களுக்குள் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு; அதற்கும் அசையாவிட்டால் இரண்டாவது. இதை நான் எடுத்துச் சொல்லாத அலுவலகம் எங்கள் மாவட்டத்தில் குறைவு.

ஆடி மாதம் நான் கேட்டது எளிய தகவல்தான். அனல், புனல், காற்று, சூரியன், அணு என்று ஒவ்வொரு வகை மின்நிலையத்திலும் ஒரு யூனிட் தயாரிக்க என்ன செலவாகிறது? கேட்கக் காரணம், மகளின் தலைப்பிரசவம்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது வழக்கம். தாய்வீடு, அதாவது எங்கள் வீடு, மலைமேல் பள்ளங்கியில் இருக்கிறது. மழைக்காலத்தில் கம்பிமேல் மரம் சாய்ந்தால், மாலையில் போன மின்சாரம் மறுநாள்தான் திரும்பும். இதை யாரோ சொல்லி, திண்டுக்கல்லிலிருந்து சம்பந்தியம்மாள் போனில் கூப்பிட்டார்.

"அங்கன கரண்டே இருக்காதாமே. பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு இருட்டுல தடவவா? எங்க வீட்டுல இன்வர்ட்டர் கெடக்கு. பேறுகாலம் இங்கனயே நடக்கட்டும்."

மனைவி போனை வைத்தபோது முகம் சிவந்திருந்தது. "முப்பது வருசம் கரண்டு ஆபீசுல என்னத்தக் கிழிச்சீங்க? வெரசா ஒரு வழி பண்ணுங்க. எம்மக வேற வீட்டுலயா பிள்ளை பெறணும்?"

கிழித்ததைச் சொல்கிறேன். திட்டப் பிரிவில் உட்கார்ந்து, எந்த மின்நிலையம் மலிவு என்று அட்டவணை போட்டேன். முறை தெரிந்தவன் நேரே கடைக்குப் போய் ஜெனரேட்டர் விலை கேட்க மாட்டான். எல்லா வழிகளையும் பரிசீலித்து, எது ஏன் தள்ளப்பட்டது என்று எழுதிய பிறகே வாங்குவான். ஓடையில் சின்ன டர்பைன் வைத்தால் தண்ணீர் இலவசம். ஆனால் மழையில் சருகு வந்து அடைக்கும். சூரியத் தகட்டுக்குப் பராமரிப்பு குறைவு. நமக்குத் தேவைப்படும் மாதங்களில் சூரியன் பனிமூட்டத்துக்குள் இருப்பார். டீசல் ஜெனரேட்டர் வாங்க மலிவு, ஓட்டச் செலவு அதிகம், பிள்ளை தூங்காது. ஒப்பீடு முழுமையாக வேண்டும் என்பதால் நிலக்கரிக்கும் அணு உலைக்கும் இடம் ஒதுக்கினேன். அதை நிரப்பத்தான் மனு.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அணு உலையா? எங்க வைப்பீங்க, கோழிக்கூட்டை எடுத்துட்டா?"

"வைக்கப்போறதில்ல. ஏன் வைக்கலைன்னு எழுதணும்ல."

"எழுதி முடிக்கட்டும்னு உங்க மக வயித்துக்குள்ள பிள்ளை காத்துக் கெடக்குமா?"

முப்பது நாள் முடிந்தது. மேல்முறையீடு செய்தேன். ஆவணியில் திண்டுக்கல்லில் வளைகாப்பு வந்தது. அட்டவணையில் இரண்டு கட்டங்கள் இன்னும் காலி. வளைகாப்புப் பந்தியில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையில், மனைவி கேட்டாள்:

"சம்பந்தி, உங்க இன்வர்ட்டர் நல்லா ஓடுதாமே?"

"பின்னே? சத்தமே இருக்காது."

"அப்ப அதையும் தூக்கிக்கிட்டு நீங்களும் மலைக்கு வந்துருங்க. பேரப்பிள்ளை உங்களுக்குந்தான?"

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? மறுநாள் மகள் வந்த காருக்குப் பின்னால் ஒரு வேன் வந்தது. அதில் இன்வர்ட்டர், இரண்டு பேட்டரி, சம்பந்தியம்மாள்.

ஐப்பசியில் பேத்தி பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே மரம் சாய்ந்தது. ஊரே இருண்டது, எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. இன்வர்ட்டர் ஒரு மின்நிலையம் அல்ல, அது எதையும் உற்பத்தி செய்வதில்லை, அட்டவணையில் சேர்க்க இயலாது என்று சம்பந்தியம்மாளுக்கு விளக்கினேன்.

"அப்பிடிங்களாண்ணே? அப்ப லைட்ட அமத்திரவா?"

இன்வர்ட்டரோடு வந்தவரின் இயக்கச் செலவை நாங்கள் கணக்கிட்டிருக்கவில்லை. விடிவதற்குள் காப்பி, குழம்புக்கு உப்புப் போதாது, தொட்டில் கட்டிய இடம் சரியில்லை. மார்கழியில் மனைவி என் காதருகே வந்து, "அந்த டீசல் ஜெனரேட்டர் என்ன வெலைன்னீங்க?" என்றாள்.

பேத்திக்குப் பழனியில் மொட்டை போட்டுவிட்டு, மகள், பேத்தி, சம்பந்தியம்மாள் மூவரும் அப்படியே திண்டுக்கல் போவதாக ஏற்பாடு. வேனில் ஏறியபோது சம்பந்தியம்மாள் சொன்னார்: "இன்வர்ட்டர் இங்கனயே கெடக்கட்டும் மதினி. அடுத்த பேறுகாலத்துக்கு வேணும்ல."

"அதுக்கும் இங்கதான் வரணும்" என்றாள் மனைவி. சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

வேன் நகர்ந்ததும் தபால்காரர் ஒரு உறையை நீட்டினார். நான் கேட்ட தகவல் வேறு அலுவலகத்தைச் சார்ந்தது என்றும், மனு அங்கே மாற்றி அனுப்பப்படுகிறது என்றும் எழுதியிருந்தது. அப்படி மாற்றி அனுப்பச் சட்டம் தரும் அவகாசம் ஐந்து நாள். அன்று பங்குனி முதல் தேதி.