பிரெஞ்சுக்காரிகளுக்கு வைத்த பொட்டு

வெளிநாடு வந்து நாங்கள் குடியேறிய ஒனிஹங்காவில், நான் குரோசான் என்ற பிரெஞ்சுப் பலகாரம் போடும் கடையை வெளியே நின்று பார்த்தால் தமிழருடையது என்று யாரும் சொல்லமாட்டார்கள். முதலாளி யாழ்ப்பாணத்தார், என் மனைவிக்குத் தூரத்துச் சொந்தம். பாரிசுக்குப் போனபோது அங்குள்ள பழைய பேக்கரிகளின் முகப்பையெல்லாம் படம் பிடித்து வந்து, அதேபோல இங்கே செய்வித்தார். கடும் நீல மரச் சட்டங்கள், பொன்னெழுத்து, கண்ணாடியின் உட்புறம் தீட்டிய நான்கு பெண்கள். ஒருத்தி விதைக்கிறாள், ஒருத்தி அரிவாளால் கோதுமை அறுக்கிறாள், ஒருத்தி கட்டுச் சுமக்கிறாள், கடைசி ஆள் பாண் கூடையுடன் சிரிக்கிறாள். அழகுதான்.

அந்த அழகுக்கு நான் பொருந்தமாட்டேன் என்று முதலாளி என்னைப் பின்பக்கத்திலேயே வைத்திருந்தார். எனக்கும் கூச்சம் அதிகம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், இங்கிலிஷும் வராது. ஆகவே நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, மகள் வந்த நாள் வரைக்கும்.

தன் அப்பா குரோசான் செய்வதைக் காட்டப் பள்ளிக்கூடச் சிநேகிதிகளைக் கூட்டி வந்திருந்தாள். நான் மாவுக் கையோடு முன்னுக்கு வந்து கண்ணாடியருகே நின்றேன்.

"ஐசே, உள்ளுக்குப் போம்," என்றார் முதலாளி, எல்லாருக்கும் கேட்க. "ரோட்டிலை போற சனத்துக்கு நீர்தான் தெரியிறீர். இது பிரெஞ்சுக் கடை, தோசைக் கடையில்லை."

நான் போய்விட்டேன். அதுதான் இன்னும் சுடுகிறது.

"வொய் டிட் யூ ஜஸ்ட் கோ, அப்பா?" என்று வீட்டில் மகள் கேட்டாள். பிறகு அவள் கடைப்பக்கம் வரவேயில்லை. இந்த மனிதரும் நாலு பேருக்கு முன்னால் முகம் கறுத்து நிற்கவேண்டும் என்று மாவை மடிக்கும்போதெல்லாம் நினைத்தேன்.

விஜயதசமி வந்தது. அதே காலையில் ஒரு சஞ்சிகைக்காரர் முகப்பைப் படம் எடுக்க வருவதாக இருந்தது. அவரை அழைத்து வர முதலாளி போயிருந்தார். முதலாளியின் மனைவி அவலும் கடலையும் படைத்துவிட்டு, சந்தனமும் குங்குமமும் திருநீறும் வைத்த தட்டை என்னிடம் நீட்டினா.

"தம்பி, வேலை செய்யிற கைதான் பொட்டு வைக்கவேணும். கடையிலை ஒண்டையும் விடாதேங்கோ."

நான் விடவில்லை. அடுப்பு, மிக்ஸர், உருட்டுக்கட்டை எல்லாவற்றுக்கும் வைத்தேன். பிறகு தட்டோடும் ஏணியோடும் வெளியே போனேன். பொன்னெழுத்தின் மேல் மூன்று குறி திருநீறு பூசினேன். நான்கு பெண்களின் நெற்றிக்கும் நேரே, கண்ணாடியில் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் தெரியும் அளவுக்குப் பெரிதாக.

முதலாளி காரை விட்டு இறங்கினார். படம் எடுப்பவர் பின்னால் நிற்கிறார். பக்கத்துக் கடைச் சனமும் பார்க்கிறது.

"ஐசே! துணியைக் கொண்டு வந்து துடையும்!"

"நான் துடைக்கமாட்டன் அண்ணை. நீங்கள் துடையுங்கோ."

தானே துணியை எடுத்துக்கொண்டு அறுவடைக்காரியிடம் போனார். வாசலில் அவர் மனைவி நின்றா.

"தொட்டுப் பாருங்கோ பாப்பம்! நல்லநாளிலை பொம்பிளையின்ரை பொட்டை அழிக்கிறதோ?"

"அது படமப்பா! பிரெஞ்சுக்காரி!"

"நெத்தி இருக்குத்தானே? அழிச்சா ஆருக்குக் கூடாதெண்டு தெரியுமோ? எனக்கில்லை, உங்களுக்குத்தான்!"

அவருக்கு இரண்டு முறை நெஞ்சுவலி வந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். கை அப்படியே நின்றது. ஈரத்துணி ஒன்று போதும், ஒரு நிமிட வேலை. அவரால் முடியவில்லை. படம் எடுப்பவர் சிரித்துக்கொண்டே அவரைப் பொட்டு வைத்த பிரெஞ்சுக்காரிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். அந்த முகத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

மறுநாள் காலையில்தான், தன் மனைவி சொன்ன நல்ல நேரத்துக்கு, ஏணி வைத்து அவரே துடைத்தார். நான் உள்ளே கண்ணாடியருகே, மாவுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ரயில் நிலையத்துக்குப் போகும் சனம் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் என்னை முறைத்தார். நான் அசையவில்லை. நாலாவது பொட்டும் அழிந்த பிறகுதான் பின்னுக்குப் போனேன்.