ஐந்து கேள்விக்கு ஒரு நட்சத்திரம்

என் இரண்டாவது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 'கிழிசல் டீச்சர்' என்று பெயர். உடுப்பைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், அவள் கட்டும் புடவையில் ஒரு சுருக்கம் இருக்காது. புத்தகம் கிழிந்து வந்தால் சந்தோஷப்படுகிற டீச்சர் அவள் ஒருத்திதான். அதனால் மற்ற டீச்சர்கள் கூடி உட்கார்ந்து வைத்த பட்டம். அவளும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள்.

சின்ன வயதில் அவளைக் கடைக்கு அனுப்பினால் பருப்பு வீடு வந்து சேராது. வழியிலேயே பொட்டலத்தைப் பிரித்துக் காகிதத்தைப் படித்துக்கொண்டு நிற்பாள், பருப்பு தெருவில் கிடக்கும். நான் கையை ஓங்குவேன். தொழிற்சாலை பஸ் ஓட்டிய அவள் அப்பா, "படிக்கிற பிள்ளையை விடேன்" என்பார். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் படிப்புக்குக் கிடைத்த உபசாரம். என்ன படித்தாய், அதில் என்ன இருந்தது என்று ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. எனக்கு எழுத்தே தெரியாது, நான் என்னத்தைக் கேட்க?

வளர்ந்தாள், டீச்சர் ஆனாள். கல்யாணம் ஆனது, ஒத்துவரவில்லை, என்னிடமே திரும்பி வந்தாள். அதைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை. புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கதைப் புத்தகங்கள் இல்லாமல் இல்லை. பெரிய டீச்சர் அறையில் கண்ணாடி போட்ட பீரோவுக்குள் வரிசையாக நின்றன. யாராவது பெரிய மனிதர்கள் வந்தால் பீரோவைக் காட்டுவார்கள். சாவி பெரிய டீச்சரின் இடுப்பில். மூன்றாம் வகுப்புக்கு டீச்சராகப் போட்டதும் என் மகள் போய்ச் சாவியைக் கேட்டாள்.

"பிள்ளைங்க கையில குடுத்தா நாலே நாள்ல நார் நாராக்கிடும். யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் மேடம்."

"கிழிஞ்சா?"

"கிழியணும் மேடம். அப்பத்தான் யாரோ படிச்சிருக்காங்கன்னு தெரியும்."

பெரிய டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாராம். எங்கள் துணி காயப்போடும் கயிறு அன்றைக்கே காணாமல் போனது. அதை வகுப்புச் சுவரில், பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் கட்டி, துணி கிளிப்பு போட்டுப் புத்தகங்களைத் தொங்கவிட்டாள். தினமும் கடைசி பீரியட், யார் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். உட்கார்ந்து படிக்கலாம், படுத்துப் படிக்கலாம், படம் மட்டும் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் பாதியில் மாட்டிவிட்டு வேறு எடுக்கலாம். வீட்டுக்கும் கொண்டுபோகலாம். ஒரே ஒரு சட்டம், யாரும் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. டீச்சரும் கேட்க மாட்டாள்.

சனிக்கிழமை ஆனால் எங்கள் வீட்டில் புத்தக ஆஸ்பத்திரி. நான் மாவுப் பசை காய்ச்சுவேன், அவள் ஒட்டுவாள். குடை பிடித்த யானை ஒன்று அட்டையில் இருக்கும். அந்தப் புத்தகம் ஒரு வாரம்கூடத் தவறாமல் முதுகு உடைந்து வரும்.

"ஏண்டி, இந்த யானையை யாருடி இந்தப் பாடு படுத்துறது?" என்று கேட்டேன்.

"முணுமுணுதான்மா. வேற யாரு?"

முணுமுணு என்பது பஞ்சர் கடைக்காரரின் மகள். அந்தப் பெண் வகுப்பில் வாயே திறக்காது. பெயர் கேட்டாலே கண் கலங்கும். பல வாரம் அது புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததாம். என் மகள் திருப்பிக்கூடக் கொடுக்கவில்லை. ஒருநாள் அதுவே திருப்பிக்கொண்டது. பிறகு உதடு அசைய ஆரம்பித்தது. பிறகு முணுமுணுப்பு. அப்புறம் ஒருநாள், கடைசி பீரியடில், யானை குடையோடு கிணற்றில் விழுகிற இடத்தில், அந்தப் பெண் பக்கென்று வாய்விட்டுச் சிரித்துவிட்டது. என் மகள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, அது சிரிச்சிடுச்சும்மா!" என்று வாசலிலேயே நின்று சொன்னாள். ஏதோ தானே பெற்றது போல.

நல்லது நடந்தால் யாருக்காவது வயிறு எரியும். மருந்துக்கடைக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"என் பையன் கடைசி பீரியட்ல தரையில படுத்துக் கிடக்கிறானாமே! இதுக்கா டீச்சர் ஸ்கூலுக்கு அனுப்புறோம்?"

"படுத்துக்கிட்டுதான் சார் படிக்கிறான்."

"படிக்கிறதுன்னா உக்காந்து படிக்கணும். சரி, என்ன படிச்சான்? கேட்டா 'சும்மா படிச்சேன்'கிறான். சும்மா படிக்கிறதுன்னா என்ன?"

பெரிய டீச்சர் என் மகளைத் தனியே கூப்பிட்டார். கெட்டவர் இல்லை அவர், பயந்தவர். "டீச்சர், கயிறை அவுக்கச் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா கேக்கிறவங்களுக்குக் காட்ட ஏதாவது வேணும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அஞ்சு கேள்வி வை. சரியாச் சொன்னா ஒரு நட்சத்திரம் ஒட்டு. பெயர் எழுதி சுவர்ல சார்ட் மாட்டு. அப்புறம் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் என் மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"ஒத்துக்கிட்டேன்மா. இல்லேன்னா புத்தகம் திரும்ப பீரோவுக்குப் போயிடும்."

"உன்னை யாருடி கேள்வி கேட்டா? நீ படிக்கலையா?"

"காலம் மாறிடுச்சும்மா. நட்சத்திரம் ஒட்டினா பிள்ளைங்களுக்கும் குஷிதானே."

குஷி என்றால் குஷி, அப்படி ஒரு குஷி! கடைசி பீரியடில் தள்ளுமுள்ளு. ஒல்லியான புத்தகங்களுக்கு அடிதடி. ஒருவன் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வந்து நிற்பான், கேள்விக்கு விடையை இன்னொருத்தி காதில் ஓதுவாள். மருந்துக்கடைக்காரரின் மகன் பெயருக்கு நேரே நட்சத்திரம் வானம் போல மின்னியது. அப்பாவும் அடங்கிப்போனார். பெரிய டீச்சர் வெகு சந்தோஷம்.

என் வீட்டில் மட்டும் பசைப் பாத்திரம் சும்மா இருந்தது. புத்தகம் வரவில்லை.

"பிள்ளைங்க பத்திரமா வச்சிருக்காங்கம்மா" என்றாள்.

"ஆமாம், தொட்டாத்தானே கிழியும்" என்றேன். மூன்று நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், நான் சொன்னது சொன்னதுதான்.

முணுமுணுவுக்கு மட்டும் இந்த ஆட்டம் புரியவே இல்லை. அது திரும்பத் திரும்ப யானையையே எடுத்தது. படித்த புத்தகத்தையே மறுபடி படித்தால் நட்சத்திரம் கிடையாது, அதுதான் சட்டம். முதல் தடவை கேள்வி கேட்டபோதும் பேச வாய் வராமல் அழுதுவிட்டது. வகுப்பிலேயே அதிகமாகப் படித்த பெண்ணின் பெயருக்கு நேரே வெறும் தாள். என் மகளுக்கு அது தெரியும். அவளாகவே ஒரு நட்சத்திரம் ஒட்டிவிடலாமா என்று நினைத்தாளாம். மற்ற பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள் என்று விட்டுவிட்டாள்.

பிறகு பெற்றோர் கூட்டம் வந்தது. சார்ட்டை வாசலுக்கு நேராக மாட்டியிருந்தார்கள். பஞ்சர் கடைக்காரர் கை கறுப்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, நல்ல சட்டை போட்டு வந்திருந்தார். எழுத்துக் கூட்டி மகள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். பக்கத்தில் ஒன்றுமில்லை. அவருக்குப் பின்னால் நின்ற மருந்துக்கடைக்காரர், "பரவாயில்லை, டயர் உருட்டவும் ஆள் வேணும்ல" என்று சிரித்தார். நாலு பேர் கூடச் சிரித்தார்கள். பஞ்சர் கடைக்காரர் வெளியே போய்விட்டார். என் மகள் பின்னாலேயே ஓடினாள். அதற்குள் அவர் வண்டி போய்விட்டது.

மறுநாளிலிருந்து முணுமுணு கயிற்றுப் பக்கம் போகவில்லை. கடைசி பீரியடில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. அப்பா சொல்லியிருக்கிறார் என்றது. ஞாயிற்றுக்கிழமை என் மகள் யானைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரே அறை. மூலையில் பழைய டயர்கள், அவற்றின் மேல் பலகை போட்டு அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்தது. பஞ்சர் கடைக்காரர் எங்களுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மரியாதைக்குக் குறைவில்லை.

"உங்க பொண்ணு மாதிரி படிக்கிற பிள்ளை என் வகுப்பிலேயே இல்லைங்க" என்றாள் என் மகள்.

"அப்ப ஏன் டீச்சரம்மா சுவர்ல அப்படிப் போட்டீங்க?"

அவள் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைத் தடவினாள்.

"நான் படிக்காதவன். சுவர்ல என்ன போட்டிருக்கோ அதைத்தான் நம்புவேன். ஊரும் அதைத்தான் நம்பும். கதைப் புத்தகத்துல என் பொண்ணு ஜெயிக்கலை. கணக்குலயாவது ஜெயிக்கட்டும்."

"அதுல ஜெயிக்கிறது தோக்கிறதுன்னு ஒண்ணும் இல்லைங்க..."

"இருந்துச்சே டீச்சரம்மா. நட்சத்திரம் ஒட்டினது நீங்கதானே."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன். என்ன செய்ய, அவர் கேட்டது அத்தனையும் நியாயம்.

என் மகள் எழுந்துபோய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். புத்தகத்தை அதன் மடியில் வைத்தாள். "இது உனக்குத்தான் கண்ணு. நீயே வச்சுக்கோ."

அது அட்டையைப் பார்த்தது. "அஞ்சு கேள்வி இருக்கா டீச்சர்?"

"இல்லடா. ஒரு கேள்வியும் இல்ல. சும்மா படி."

அந்தப் பெண் என் மகளை நிமிர்ந்து பார்த்தது. நடிப்பு இல்லை, கோபம் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டது. "அப்ப எதுக்கு டீச்சர் படிக்கணும்?"

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கணக்கை எழுத ஆரம்பித்துவிட்டது.

திங்கட்கிழமை என் மகள் சார்ட்டைச் சுவரிலிருந்து பிய்த்துப் போட்டாள். பிள்ளைகள் அழுதன, மருந்துக்கடைக்காரர் மேலதிகாரிக்குப் புகார் எழுதினார், பெரிய டீச்சர் புத்தகங்களை எண்ணி வாங்கிப் பீரோவைப் பூட்டினார். பிள்ளைகளில் ஒருவர்கூடப் புத்தகம் எங்கே என்று கேட்கவில்லையாம். நட்சத்திரம் எப்போது திரும்ப வரும் என்றுதான் கேட்டார்கள். அதைச் சொல்லும்போதுதான் என் மகள் அழுதாள்.

நான் அவளைத் தேற்றவில்லை. பெற்றவள்தான், அதற்காகப் பொய் சொல்ல முடியாது. பிள்ளை ஒன்றைப் பிரியமாகச் செய்கிறபோது பக்கத்தில் பேசாமல் இருக்க நம்மால் முடிவதில்லை. அவளாலும் முடியவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு, சாப்பிடு என்றேன். சாப்பிட்டாள். காலையில் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனாள்.