மயில்துத்தம் அடித்த தெரு

திராட்சைக் கொடியைக் காக்கிற மருந்து மனிதனையும் காக்கும் என்று நான் நம்பினேன். குடிபோதையில் அல்ல, ஐம்பது வயதைத் தாண்டிய ஆள், ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவன், முழு நினைவோடு நம்பினேன். நீல நிற மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து இலையில் அடித்தால் பூஞ்சாணம் அண்டாது. அதையே சாக்கடையில் அடித்தால் கொசு அண்டாது. இதில் எங்கே ஓட்டை என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

எல்லாம் பயம்தான். எங்கள் தெருவின் மூலை வீட்டுக்காரர் கேரள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர். அவர் காய்ச்சலில் விழுந்தார். தேனியில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"அது மூச்சுல பரவுற நோய் இல்லைங்க" என்றாள் மனைவி.

"தெரியும். சும்மா ஒரு பயிற்சிக்குப் பிடிக்கிறேன்."

மதுரையில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அப்போது வளைகாப்பு முடிந்திருந்தது. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர நாளும் பார்த்தாயிற்று. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா போன் செய்தார்.

"அண்ணே, உங்க தெருவுல டெங்குவாமே? வயித்துப் பிள்ளைக்காரிய அங்கன எப்படி அனுப்புறது, நீங்களே சொல்லுங்க."

"ஒருத்தருக்குத்தாம்மா..."

"அவுகளைக் கடிச்ச கொசு அடுத்தவுகளைக் கடிக்காதா? மொதல்ல தெரு சுத்தமாகட்டும். இல்லாட்டி பிரசவத்த இங்கனயே பாத்துக்கிறோம்."

போனை மகள் வாங்கினாள். "அப்பா, எனக்கு நம்ம வீட்டுக்கு வரணும்ப்பா" என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று வைத்துவிட்டாள். அழுதது நான். கண்ணில் வெங்காயம் பட்டுவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். நான் நின்றுகொண்டிருந்தது மாட்டுக்கொட்டகையில்.

மறுநாள் காலையிலேயே தோட்டத்து பவர் ஸ்பிரேயரையும் பிளாஸ்டிக் டிரம்களையும் டிராக்டரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாக்கடையில் அடித்தேன். சாக்கடைக்கு மேலிருந்த சுவரில் அடித்தேன். வேகம் பிடித்ததும் எதிர்ச் சுவர், பஞ்சாயத்துச் சுவர், முருங்கை மரம் என்று ஒன்றையும் விடவில்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் கொடியில் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டியும் தப்பவில்லை.

"யோவ்! ஞாயித்துக்கெழம பூசைக்கிக் கட்டுற வேட்டிய்யா அது!"

"கொஞ்சம் நீலம் தூக்கலாப் போட்டதா நெனச்சுக்கங்க சார்."

திராட்சைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மோட்டாரை ஓட்டும் மும்முனை கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. அதனால் பந்தலடியில் டிரம்களை எப்போதும் நிரப்பியே வைப்போம். மருந்து கலக்க நினைத்தால் தண்ணீர் தயாராக இருக்கும். அந்தப் பழக்கத்தில் வீட்டுச் சுவரோரமும் டிரம்களை வரிசையாக நிறுத்தி, கழுத்துவரை நல்ல தண்ணீர் பிடித்து, வாயைத் திறந்தே வைத்தேன். மயில்துத்தம் தீர்ந்துபோனது. கடைக்காரர் நாளை வரும், நாளை வரும் என்று இழுத்தார். டிரம்கள் அப்படியே நின்றன.

ஒரு வாரம் போயிருக்கும். மனைவி கொல்லையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்கன வாங்க. உங்க டிரம்முல என்னமோ நெளியுது."

எட்டிப் பார்த்தேன். தண்ணீரெல்லாம் குட்டிக்கரணம்.

"தவளைக் குஞ்சா இருக்கும்" என்றேன்.

"ஆமா. வளந்து றெக்க மொளைக்கப் போற தவள."

அவை கூத்தாடிப் புழுக்கள், நாளைய கொசுக்கள். அந்த நேரம் பார்த்து வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் பெண் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டார்.

"என்னண்ணே, தெருவுக்கே சப்ளை இங்கனதான் போல? இந்தக் கொசுவுக்கு நல்ல தண்ணிதான் வேணும். கடிக்கிறதும் பகல்லதான். பஞ்சாயத்துச் செவத்துல இம்மாம் பெருசா எழுதிப் போட்டிருந்தாகளே, படிக்கலையா?"

நான் எங்கே படிப்பது? அந்தச் சுவரைத்தான் நீலமாக்கி எழுத்தை மூடியிருந்தேனே.

அன்றைக்கே டிரம்களைக் கவிழ்த்தேன். வெறுமனே கவிழ்த்தால் போதாது, உள்சுவரில் முட்டை ஒட்டியிருக்கும் என்று அந்தப் பெண் சொன்னதால், தென்னை நார் வைத்துக் கை வலிக்கத் தேய்த்தேன். தேய்க்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒரு பந்தலை மட்டும் காப்பாற்றி எந்தத் திராட்சைக்காரனும் பிழைத்ததில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அடிச்சாம்பல் என்கிற பூஞ்சாண நோய் இருந்தால் நம் தோட்டத்துக்கு வந்தே தீரும். அதனால்தான் பேசிவைத்து எல்லாரும் ஒரே நாளில் மருந்தடிக்கிறோம். திராட்சையிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை. எடுத்துக்கொண்டது மருந்தை.

வீடு வீடாகப் போய்ப் பேசினேன். வெள்ளிக்கிழமை காலையில் தெரு முழுக்கத் தொட்டி, குடம், டிரம் எல்லாவற்றையும் காலிசெய்து தேய்ப்பது என்று முடிவானது. முதல் வெள்ளி படுதோல்வி. எந்த வீட்டைக் கேட்டாலும், "எங்க வீடு சுத்தந்தான், அடுத்த வீட்டப் பாருங்க" என்றார்கள்.

"திராட்சைக்குக் கவாத்து முடிஞ்சதும் கொடி வெட்டுனவுகளையா அந்த வரிசையப் பாக்கச் சொல்லுவீக? பக்கத்து வரிச ஆளுகளைத்தான பாக்கச் சொல்லுவீக" என்றாள் மனைவி.

அவ்வளவுதான். அடுத்த வெள்ளி முதல் ஒவ்வொரு வீட்டையும் பக்கத்து வீட்டார் சோதனை போடுவது என்று அறிவித்தேன். இத்தனை வருஷமாகப் பக்கத்து வீட்டு அடுப்படியைப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்த தெரு விழித்துக்கொண்டது. வாத்தியார் வீட்டு மாதா சொரூபத்தின் முன்னாலிருந்த பூச்சாடியில் என் மனைவி புழுவைக் கண்டுபிடித்தாள்.

"மாதா மன்னிச்சிருவாக வாத்தியாரம்மா. கொசு மன்னிக்காது."

வாத்தியார் மனைவி அதைச் சும்மா விடவில்லை. நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து ஃப்ரிட்ஜை இழுத்துத் திருப்பினார். பின்பக்கத் தட்டில் தண்ணீர், தண்ணீரில் புழு.

"ஏத்தா, உம் புருசன் ஊரையே நீலமாக்கிட்டு வீட்டுக்குள்ள கொளம் வெட்டி வச்சிருக்காரு, வந்து பாரு!"

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த ஜீப் ஓட்டுநர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எங்க மாடியில பழைய டயரு கெடக்கு, அதையும் தூக்குங்க. பட்டவன் சொல்றேன்" என்று தன் வீட்டையே காட்டிக்கொடுத்தார். நான் மூச்சைப் பிடிக்காமல் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

வெள்ளிக்கு வெள்ளி புழு குறைந்தது. கடைசியில் தேடிப் பார்த்தும் சிக்காதபோது பெண்களுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

அப்போதுதான் சம்பந்தியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். காப்பிகூடக் குடிக்காமல் போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருப் பெண்கள் சப்பரத்துக்குப் பின்னால் போவதுபோலப் பின்னாலேயே போனார்கள். தொட்டிகளுக்கு மூடி இருந்தது. டிரம்களின் வாயில் துணி கட்டியிருந்தது. ஃப்ரிட்ஜ் தட்டு உலர்ந்திருந்தது. மாதா முன்னால் காகிதப் பூ.

"எல்லாஞ் சரி. வெளியில செவரெல்லாம் எதுக்கு நீலமா இருக்கு?"

"அது உங்க அண்ணன் பயந்த அளவு" என்றாள் மனைவி.

தெருவே சிரித்தது. சம்பந்தியம்மாவும் சிரித்துவிட்டு, "நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் மீசையை முறுக்கிக்கொண்டு தெருவைப் போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன், ஏதோ நான் மட்டுமே செய்த வேலை மாதிரி.

மகள் வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவளும் வாத்தியார் வீட்டைச் சோதனை போடப் போனாள். அந்த மழைக்காலம் முடியும்வரை எங்கள் தெருவில் வேறு யாருக்கும் டெங்கு வரவில்லை. பேத்தி தேனியில் பிறந்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் காய்ச்சல் இல்லை.