நைட் ஷிஃப்ட் பெண்கள் வந்த கிராமசபை

அன்று காலையிலிருந்தே மேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. நவம்பர் ஒன்று, கிராமசபை நாள். நாற்று நடப் போய்க்கொண்டிருந்தவள் ஐந்தாவது வார்டு உறுப்பினராகி நாலு வருஷம் ஆகிறது. முதல்முறையாகச் சொந்தமாக ஒரு தீர்மானம் கொண்டுவருகிறாள்: கம்பெனி பஸ் நிற்கும் ரோட்டு முனைக்கு ஒரு விளக்கு, ஒரு நிழற்குடை. பல் துலக்கும்போதுகூடப் பேசிப் பார்த்திருந்தாள்.

பதினோரு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் பாதி நாற்காலி காலி. ஊராட்சிச் செயலர் ராஜாராம் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

“அறுபத்தெட்டு கையெழுத்துதான் கீது மேரிம்மா. நூறு இல்லன்னா கூட்டம் செல்லாது. பன்னெண்டு வரைக்கும் பாக்கறேன்.”

“ஊர்ல ஆளே இல்லியா சார்?”

“எல்லாம் கம்பெனிக்குப் பூட்டாங்க.”

எல்லாரும் போகவில்லை என்பது மேரிக்குத் தெரியும். ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து விடிகாலை பஸ்ஸில் இறங்கிய பெண்கள் தெருவுக்குத் தெரு தூங்கிக்கொண்டிருந்தார்கள். விளக்கு கேட்பதே அவர்களுக்காகத்தான். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். முதலில் தட்டியது போன் கம்பெனியில் வேலை பார்க்கும் திவ்யாவின் கதவை.

“இன்னாக்கா, யாருக்கு இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல. வந்து ஒரு கையெழுத்து போடு.”

“தூங்கிக்கினு இருந்தேன்க்கா. மூஞ்சிகூட கழுவல.”

“கையெழுத்துக்கு மூஞ்சி எதுக்கு?”

திவ்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் தூக்கம் போய், அவளே முன்னால் ஓடி அடுத்த கதவைத் தட்டினாள். அரை மணி நேரத்தில் ஊர்த்தெருவும் காலனியும் சேர்ந்து நடந்தன. நைட்டிமேல் துண்டு, கலைந்த கொண்டை, ஒருத்தி வாயில் பிரஷ். திவ்யாவோடு வேலை பார்க்கும் ஷாரோன் கையில் பாதி இட்லியோடு தட்டு. ஒருத்தி சிரித்தால் போதும், தெருவே சிரித்தது. டீக்கடையில் நின்றவர்களும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

நூற்று மூன்று.

கூட்டத்தைப் படம் எடுத்து அரசாங்கத்தின் கிராமசபை ஆப்பில் ஏற்றவேண்டும். “தூங்காதீங்கம்மா, கண்ணைத் தெறங்க” என்று ராஜாராம் மூன்று முறை எடுத்தார். மூன்றாவதிலும் இரண்டு பேர் தூங்கினார்கள்.

மேரி எழுந்தாள். பாடம் பண்ணிய பேச்சு ஒரு வரிகூட ஞாபகத்தில் இல்லை. “முனைல இருட்டு. பொண்ணுங்க பயந்துக்கினு எறங்குதுங்க. வெளக்கு வேணும், நிக்க எடம் வேணும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எல்லாக் கையும் மேலே போனது. தூங்கியவர்களின் கையைப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுப்பிவிட்டார்கள்.

திவ்யா எழுந்தாள். “பதினோரு மணிக்குக் கூட்டம் வெச்சா ஊர்ல பாதிப் பேர் வேலைல, மீதிப் பேர் தூக்கத்துல. சாயங்காலம் வெக்கக் கூடாதா சார்?”

ராஜாராம் யோசித்தார். பிறகு அதையும் ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பும் தீர்மானமாக எழுதிக்கொண்டார். ஒரு தீர்மானத்தோடு போன மேரி இரண்டோடு திரும்பினாள்.

பொங்கல் கழிந்த வாரம் முனையில் விளக்கு எரிந்தது. ஜனவரிக் கூட்டம் நான்கு மணிக்கு நடந்தது, நாற்காலி போதவில்லை. நிழற்குடை இன்னும் செலவு மதிப்பீட்டில் நிற்கிறது. வாரம் ஒருமுறை மேரி உத்திரமேரூர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறாள். கூடவே, கொட்டாவி விட்டுக்கொண்டு, திவ்யாவும்.