கிரிட்டுக்கு வராத ஒரு வீடு

எங்கள் ஆபீஸுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு ஏசி போட்டார்கள். எங்களுக்கு ஃபேனே ஒழுங்காகச் சுற்றாது! செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். டிராயிங் போர்டில் டி-ஸ்கொயரோடு மல்லுக்கட்டிய டிராஃப்ட்ஸ்மேன்களில் இரண்டு பேரை அதன் முன் உட்காரவைத்தார்கள். ஒருத்தி நான், கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். இன்னொருவர் கரீம், பழவேற்காடு டவுன். பொன்னேரி வரை ஒரே பஸ், அப்புறம் சென்னைக்கு ஒரே ரயில். பஸ்ஸில் மட்டும் பேசிக்கொள்ள மாட்டோம், ஊர்க்காரர்கள் இருப்பார்கள்.

முதலில் கற்றுக்கொண்டது ஸ்னாப். திரையில் புள்ளி புள்ளியாகக் கிரிட் தெரியும். எஃப்-9 தட்டினால் ஸ்னாப் ஆன். அப்புறம் கர்சர் புள்ளிக்குப் புள்ளிதான் தாவும், நடுவில் நிற்காது. வீட்டுச் சதுரத்தை எப்படி வைத்தாலும் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

புயலில் குடிசைகள் போன பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்குக் கான்கிரீட் வீடுகள் கட்ட லேஅவுட் போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு எரிச்சலாக வந்தது.

"இன்னா கரீம் இது, போலீஸ் லைன் மாதிரி? ஒரு வாசல்லயாவது ஏரி தெரியுதா? எங்க வூட்ல நைனாவோட போட்டு வருதானு கதவாண்டயே நின்னு பாப்போம்."

கரீம் எஃப்-9 தட்டி ஸ்னாப்பை ஆஃப் செய்தார். முன்வரிசையில் இரண்டு வீடுகளைத் தள்ளி நடுவில் இடம் விட்டார். அதற்குப் பின்னால் புதிதாக ஒரு வீட்டைச் சாய்வாக வைத்தார். அதன் வாசல் நேராக ஏரியைப் பார்த்தது.

"யாரு வூடு இது? லிஸ்ட்ல இல்லியே?"

"நீ சரினு சொன்னா நம்ம வூடு, கஸ்தூரி. சொல்லலனா இல்ல. துபாய்லேர்ந்து அண்ணன் எனக்கு விசா அனுப்பிக்கீறாரு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொல்லத்தான் ஆசை. யோசிக்கிறேன் என்றேன்.

சில நாட்கள் அந்த வீடு திரையிலேயே இருந்தது. காலையில் ஃபைலைத் திறந்ததும் முதலில் அதைத்தான் ஜூம் செய்து பார்ப்பேன். அவ்வளவு ஆசையாக நான் வேலைக்குப் போனது அந்த நாட்களில்தான்.

பிளாட்டரில் அச்சாகி வந்த ஷீட்டை விரித்ததும் இன்ஜினியர் கத்தினார். "இன்னாம்மா இது, ஒரு வூடு மட்டும் குடிச்சவன் மாதிரி கோணலா நிக்குது? யாரு போட்டது?"

கரீம் என்னைப் பார்த்தார். எனக்கு நைனா முகம் நினைவுக்கு வந்தது. குப்பத்துப் பஞ்சாயத்து நினைவுக்கு வந்தது.

"தப்பா வுழுந்துடுச்சி சார், எடுத்துடறோம்," என்றேன்.

"அதை மட்டும் எடுங்க. மீதில கை வைக்காதீங்க, சாயந்திரம் பிளான் போயாவணும்."

கரீம்தான் அழித்தார். 'யூ' என்று தட்டினால் அழித்தது திரும்ப வந்துவிடும். இரண்டு பேருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் தட்டவில்லை. அந்த மாதமே அவர் துபாய் போய்விட்டார்.

வீடுகள் கட்டி முடித்ததும் அளந்து சரிபார்க்க டேப்போடு நான்தான் போனேன். முன்வரிசையில் அவர் விட்ட இடம் அப்படியே இருந்தது. வலையைக் காயப் போட்டுவிட்டு நாலைந்து பெண்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

"எவனோ புண்ணியவான் இந்த எடத்த மட்டும் வுட்டு வெச்சிகீறான்மா. இங்க குந்திக்கினா ஏரி பூரா தெரியுது. நீயும் வந்து குந்து," என்றாள் ஒருத்தி.

போய் உட்கார்ந்தேன். பசியாவரம் தீவுப் பக்கமிருந்து போட்டுகள் வந்துகொண்டிருந்தன. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது.

இப்போது கம்ப்யூட்டரில் வரையும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஸ்னாப் போட்டே வேலை செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் கோணலாக ஒன்று கண்ணில் பட்டால், தப்பு என்று வாயால் சொல்வதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

அன்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, யாருக்காச்சும் காத்துக்கினு கீறியா?"

"இல்லக்கா," என்றேன். "அளக்க வந்தேன்."