முந்தானையில் விழுந்த விமானங்கள்

ஆரணியில் நான் நெய்யாத முந்தானை இல்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. அதை உடைத்தவர் வேலூரிலிருந்து வந்த ஓர் அம்மா. எண்பதை நெருங்கியவர். கையில் பழைய விமானத்தின் படம் ஒன்று வைத்திருந்தார்.

"எங்கப்பா ஓட்டினதுங்க. சண்டையில சரக்கு ஏத்திகினு போச்சு. அப்புறம் அதுக்குள்ளயே சீட்டு போட்டு ஜனங்கள ஏத்தினாங்க. அப்பிடி ஒருநாள் போனவரு திரும்பல. அவரு திதிக்குக் கட்டணும். முந்தானையில இதப் போட்டுக் குடுங்க."

மயில் என்றால் தலை எந்தப் பக்கம் வரவேண்டும் என்று என் கைக்கே தெரியும். விமானம் புதிது. முந்தானை முடிகிற பக்கம் மூக்கை வைத்து வரிசையாக நெய்துவிட்டேன். தறியில் அழகாகத்தான் இருந்தது.

திதியன்று காலையில் வந்தவர், உள்ளறையில் புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தார். தொங்கிய முந்தானையில் அத்தனை விமானங்களும் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தன.

"வேற நெய்ஞ்சு தரேங்கம்மா" என்றேன்.

"திதி இன்னிக்குத்தானேங்க?"

முந்தானையை இழுத்து வலது தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். விமானங்கள் படுக்கைவாட்டில் திரும்பின.

"இப்ப நேராப் போவுதில்ல? பேஜார் ஆவாதீங்க" என்று அவரே என்னைத் தேற்றினார்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். படியேற இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தார். முந்தானை நழுவி முதுகில் தொங்கியது. நான் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டேன்.

வானத்தில் சத்தம் கேட்டால் தெருவே அண்ணாந்து பார்க்கிறது. நான் மட்டும் தரையைப் பார்க்கிறேன்.